வெள்ளை ஓடு

ஏய், கதவ பட்டுனு தொறக்காத. மொதல்ல காலால ரெண்டு தட்டு தட்டு. ஆங், அப்டி. கதவுக்கு அந்தாண்ட குந்தினு கீற வாத்து எழுந்து போவட்டும், இல்லாங்காட்டி மிதிச்சுடுவ. வாத்துக்கு காலு தான் வீக்கு, மாமு. கழுத்தப் புடிச்சுத் தூக்கினா ஒண்ணும் ஆவாது, காலப் புடிச்சுத் தூக்கின, கழண்டுடும். கோழிக்கு நேர் எதிரு. இது தெரியாம வாங்கினு போயி மறுநாளே கொழம்பு வெச்சவன் எத்தினி பேரு.

முட்ட தர்றேன்டா. எங்க ஓடிடப் போவுது? தோ கீது பாரு, உனுக்குன்னு எடுத்து வெச்ச அட்ட. தொடாத, அங்கியே இருக்கட்டும். ராப்பூரா கண்டெய்னர் மேல ஏறி எறங்கின ஆளு, செத்த நேரம் குந்த மாட்டியா? அந்த டயர் மேல குந்து தீனா. எங்க வூட்ல காசிமேடு போயிகீறா மீன் எடுக்க. இருந்திருந்தா டீ போட்டிருப்பா. கெங்கம்மா டீய விட நான் போடறது கேவலமா இருக்கும், அதான் கேக்கல.

ஷாலுக்கு எத்தினி மாசம்? ஏழா? அப்ப வளகாப்பு? முடிஞ்சிருச்சா. எனுக்கு ஒரு வார்த்த சொல்லல பாரு... ஆங், சொன்ன, சொன்ன. யார்டு கேட்டாண்ட நின்னு பத்திரிகையே குடுத்த. நான் தான் வரல. ஷிப்டுன்னு சொன்னா பொய்யி, லீவு கேட்டா குடுத்திருப்பான். கேக்கல. வந்திருந்தா கைய வீசிகினு வர முடியுமா? அப்பாவு வந்தான், முட்டக்காரன், ஒரு முட்ட எடுத்துகினு வரலயேன்னு உங்க மாமியா கேக்கும். அதான்.

இன்னா சொல்லிச்சு உங்க மாமியா? தெனம் நாட்டுக்கோழி முட்ட ரெண்டு, வாத்து முட்ட ஒண்ணு. புள்ள செவப்பா, கொழுகொழுன்னு பொறக்கும். அப்பாவு வூட்டு முட்டைனா கரு கோயில் குங்குமம் மாரி இருக்கும். ஆமா, அப்டித்தான் சொல்றாங்க. ஆவடிலேர்ந்து காரப் போட்டுகினு வரவங்கல்லாம் கீறாங்க. சொல்றாங்க.

நீ இன்னா, வேம்பக்கா வண்டில ஆம்லெட்டு துன்ற ஆளா? தெனமுமா? டபுளா? ஏன்டா, அந்தம்மா ஊத்தற இட்லி பஞ்சு மாரி இருக்குதே, அத்த துன்னேன். வயித்துக்கும் நல்லது. நானா? நான் முட்டைய தொடறதில்லன்னு தான் உனுக்கே தெரியுமே. கேங்குல அத்தினி பேரும் சேந்து கலாய்க்கிறீங்களே, முட்டக்காரன் முட்ட துன்ன மாட்டான்னு. வேண்டுதல்டா. எந்த சாமிக்கா? திருவொத்தியூர் அம்மனுக்கு. சிரி, சிரி.

வா, இப்டி வா. கூண்டப் பாரு. யார்டுல ஒடஞ்ச பேலட்டு தூக்கிப் போடுவான்ல, அந்தக் கட்ட தான் பூரா. மேல பாத்தியா, காத்திவாக்கத்துல கிழிஞ்ச வல சும்மாவே குடுப்பாங்க, மடிச்சு ரெண்டு சுத்து. பருந்து வந்து பாத்துட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு போவும். அந்தப் பளபளன்னு ஆடுதே, பழைய சினிமா சிடி. வெயிலு பட்டா காக்காய்க்கு கண்ணு கூசும். பொண்ணு காலேஜு படிக்க சொல்ல வாங்கினது, இப்ப காக்கா ஓட்டுது.

இது தெரிதா? கம்பி. கண்டெய்னர் கட்டற வயரு ஒரு மொழம், நுனில வளச்சு வுட்டுகீறேன். கோழி பின்னால ஓடாத எப்பவும். ஓடினா அது ஜெயிக்கும், நீ மூச்சு வாங்குவ. சும்மா நின்ன எடத்துலேர்ந்து இத்த நீட்டி கால்ல மாட்டு. ம், தோ. வந்துட்டா பாரு மகாராணி. இவ தான் அடைக் கோழி. இவளுக்கு ஈடு கெடையாது. கோழி முட்ட, வாத்து முட்ட எது வெச்சாலும் குந்துவா. வாத்து முட்டைக்கு மட்டும் நடுநடுவுல தண்ணி தெளிக்கணும், அது ஈரத்துல பொறக்கற ஜென்மம்.

சில கோழி முட்டையே இல்லாம அடை குந்தும். வெறும் சாக்கு மேல குந்திகினு எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது, துன்னாது, மெலிஞ்சுகினே போவும். அதுக்கு ஒரு எறகப் புடுங்கி மூக்கு ஓட்டைல சொருவி வுடணும். அத்த தட்டி வுட தலைய ஆட்டி ஆட்டி ரெண்டு நாளுல அடைய மறந்துடும். பாவமா இருக்கும் பாக்க. இன்னா பண்றது. சும்மா குந்திகினே இருந்தா செத்துப்பூடும்.

நீயே கோழி வளத்துக்கயேன்டா தீனா.

ஏன் சிரிக்கிற? வியாசர்பாடி ஹவுசிங் போர்டுனா இன்னா, மொட்ட மாடி இல்லியா? தண்ணி டேங்கு பக்கத்துல நெழலு விழும்ல, அங்க ஒரு கூண்டு. கூண்டு நான் செஞ்சு தரேன், பேலட்டு கட்ட நெறைய கீது. தண்ணிக்கு ஒண்ணும் வாங்காத. பெரிய பாட்டில்ல கீழ சின்னதா ஒரு ஓட்ட போடு, தண்ணி ரொப்பி மூடிய இறுக்கி பேசின்ல நிக்க வை. குடிக்க குடிக்க தண்ணி தானா வரும், கோழி உள்ள எறங்காது, கலீஜும் ஆவாது. முட்ட எங்கியோ போட்டு ஒளிச்சு வெக்குதுன்னு வையி, டேபிள் டென்னிஸ் பாலு ஒண்ணு வாங்கி நீ நெனைக்கிற எடத்துல வெச்சுடு. ஏற்கெனவே எவளோ இங்க போட்டுகீறான்னு நெனச்சுகினு அங்கியே வந்து போடும். அவ்ளோ சுலுவா ஏமாந்துடும். நம்பிடும். எத்த வெச்சாலும் நம்பிடும்.

இவள எடுத்துகினு போ. இவளையும் அந்தக் கருப்புச் சேவலையும். காசு கேட்டனா நான்? ஷாலுக்கு சீதனம்னு வெச்சுக்க. கொழந்த பொறக்கறதுக்குள்ள முட்ட போட ஆரம்பிச்சுடும். உங்க மாடில இன்னா கீது? வெயிலு, காத்து. கம்பு போடு, கேவுரு போடு, வூட்டுச் சோறு போடு. நீ போடறது தான் துன்னும், வேற எங்கியும் போவ எடமில்ல. அது தான் முக்கியம் மாமு. அது எங்க போவுதுன்னு உனுக்குத் தெரியணும்.

தர்றேன்னு சொன்னேன்ல? இன்னா அவசரம் உனுக்கு? வண்டி வெயில்லயா நிக்குது? நெழலுக்குத் தள்ளிக்கோ.

இங்க பாரு, இந்தத் தொட்டில கொட்டிகீறேனே, சாம்பலு. கோழி இதுல தான் குளிக்கும். உருண்டு பொரண்டு எறகுக்குள்ளாற ஏத்திக்கும், பேனு செத்துப்பூடும். ஆனா வெறகுச் சாம்பலா இருக்கணும். டீக்கடைல வெறகு அடுப்பு வெச்சுகீறாரே அப்பு, அவராண்ட கேட்டு மூட்டைல எடுத்தாருவேன். ஊர்ல சாம்பலுக்கா பஞ்சம், ஜன்னல் கம்பில வெரலு வெச்சா வருதேன்னு கேப்ப. அது வேற சாம்பலு, பொகக்கூண்டுலேர்ந்து வர்றது. அது ஆவாது. அதுல பொரண்ட கோழிக்கு கண்ணு ஊதிப் போச்சு ஒரு வாட்டி.

குஞ்சுக்கு சூடு வேணும், அட்டப் பொட்டில குண்டு பல்பு ஒண்ணு தொங்க வுடு. ரொம்ப சூடுன்னா குஞ்சு ஓரத்துக்கு ஓடும், பத்தலன்னா நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். அத்தப் பாத்து பல்ப ஏத்தி எறக்கிக்க. கரண்டு போனா சுடுதண்ணி பாட்டில துணில சுத்தி உள்ள வெச்சுடு. எங்க ஏரியால இது கண்டிப்பா தெரியணும். மூணு பக்கம் பொகக்கூண்டு, ஊருக்கே கரண்டு எடுக்கறான். எங்க குஞ்சு சுடுதண்ணி பாட்டிலக் கட்டிப் புடிச்சுகினு தூங்குது.

வாத்தா? வாத்து வேணாம் உனுக்கு. தண்ணி கேக்கும். மூக்கு முழுசா முங்கற மாரி தண்ணி இல்லன்னா கண்ணு ஒட்டிக்கும். மாடி பூரா சேறாக்கிடும், கீழ் வூட்டுக்காரன் ஏறி வந்து அடிப்பான். எனுக்கு இன்னா, பின்னால ஆறு. காலைல வெயிலு நல்லா ஏறின அப்பறம் தான் தொறந்து வுடுவேன். வாத்து வெடிகாலைல தான் முட்ட போடும். சீக்கிரம் தொறந்துட்டா தண்ணிலயே போட்டுட்டு வந்துடும், முட்ட ஆத்தோட போயிடும். இன்னும் தொறக்கல பாரு, அதான் இந்தக் கத்து கத்துது. தொறந்தா சும்மா வரிசையா போவும், ஷோக்கா இருக்கும். சேத்துல மூக்க வுட்டு நத்தை, புழு, பொடி எறா எல்லாத்தையும் சலிச்சுத் துன்னும். கரு செவப்பா கீதுன்னா அந்த எறாவால தான். சாயங்காலம் நான் கரைல நின்னு தகர டப்பால கல்லு போட்டு ஆட்டுவேன், எங்க இருந்தாலும் திரும்பும். தீனிக்கு நான் ஒண்ணும் பெருசா வாங்கறதே இல்ல. எல்லாம் ஆறு தான் போடுது.

ஆமா. அந்த ஆறு தான். வேற எந்த ஆறு.

அந்த வருசம் மழைல கம்பெனி எண்ணெ ஆத்துல மெதந்துகினு வந்துச்சே, ஞாபகம் கீதா? நீ அப்ப யார்டுக்கு வரல. டப்பாவ ஆட்டறேன், எதுவும் வரல. ஆட்டறேன், ஆட்டறேன். அப்பால பாத்தா கரைல தார் பூசின பொம்ம மாரி நிக்குது அத்தினியும். கத்தக் கூட இல்ல. நானும் கெங்கம்மாவும் அண்டால சுடுதண்ணி வெச்சு, பாத்திரம் வெளக்கற சோப்பக் கரச்சு, ஒண்ணொண்ணாக் கழுவினோம். மண்ணெண்ணெ ஊத்தித் தொடைக்கலாம்னு எவனாச்சும் சொல்லுவான், செய்யாத, தோலு வெந்துடும். சோப்புத் தண்ணி தான், வெதுவெதுன்னு. எறகு போற தெசைலயே தடவணும், எதுத்துத் தேய்க்கக் கூடாது. கழுவின வாத்தத் தண்ணில வுடவும் கூடாது. அதோட சொந்த எண்ணெயும் சோப்போட போயிருக்கும், கல்லு மாரி முழுகிடும். வூட்டுக்குள்ளாறயே வெச்சிருந்தோம், கட்டிலுக்கு அடில. செத்தது கொஞ்சம் தான். மீதி பொழச்சுகிச்சு. வாத்து சாவாதுடா. அதான் பேஜாரே. செத்திருந்தா வுட்டுத் தொலச்சிருப்பேன்.

மறுபடியும் எறங்கிச்சு. ஆத்தப் பாத்தா அதுக்குத் தாங்குமா? நான் தான் தொறந்து வுட்டேன்.

சரி, அத்த வுடு. தோ, இதப் பாரு, இது நல்ல ட்ரிக்கு. தகரத்து மேல காயுதே, முட்ட ஓடு. தூக்கிப் போடாத. காயவெச்சு அம்மில நொறுக்கி கம்போட கலந்து போட்டா, அதுங்க போடற முட்ட ஓடு கெட்டியா இருக்கும். பவுடராக்கணும், முக்கியம். ஓடு ஓடா போட்டுட்டா அந்த ருசி கண்டுகினு சொந்த முட்டையவே கொத்திக் குடிக்க ஆரம்பிச்சுடும். அப்பால அத்தத் திருத்த முடியாது. ஷாலு துன்ற முட்டையோட ஓட எல்லாம் ஒரு டப்பால...

இன்னா பாக்கற?

ஓடு தான். முட்ட ஓடு. கைல எடுத்து இன்னா பாக்கற, போடு கீழ, கைய அறுத்துடும். வா, அந்தக் குஞ்சுப் பொட்டியக் காட்டறேன்.

வெள்ளையா கீதா? வெயில்ல காஞ்சா கலரு போவும்டா. ஆமா, வெளுக்கும்.

டேய் தீனா.

சரிடா. வெளுக்கல. நாட்டுக்கோழி முட்ட வெயில்ல வெளுக்காது, வாத்து முட்ட இந்த சைசுல இருக்காது, உனுக்கும் கண்ணு கீது. கடை முட்ட தான். அத்தினியும். அப்பு கடைக்குப் பக்கத்துல பண்ண முட்ட விக்கறாங்களே, அங்க வாங்கறது. எங்க வூட்ல துன்றது அது தான்.

குந்துடா. எழுந்திரிக்காத. சொல்றேன்.

என் பொண்ணு மோகனப்ரியா, பிரசவத்துக்கு வந்துச்சுல்ல. ஷாலு மாரி தான், ஏழு முடிஞ்சு எட்டு. வந்த அன்னிக்கே கெங்கம்மா வாத்து முட்ட அவிச்சுக் குடுத்தா. பெருசா, உப்பு மொளவு தூவி. புள்ள ஒரு கடி கடிச்சுது. சிரிச்சுகினே சொல்லுச்சு. யப்பா, பெட்ரோல் பங்க்கு வாசன வருதுப்பா. அவ்ளோ தான் சொல்லுச்சு. வாயும் வயிறுமா இருக்க சொல்ல அப்டித்தான் இருக்கும்னு நான் சொன்னேன். கெங்கம்மா தட்ட எடுத்துகினு பின்னால போயி, மண்ண நோண்டிப் போட்டு மூடினா. வாத்துக்குக் கூடப் போடல. மறுநாளு மீன் கூடைலேர்ந்து ஒரு பை எடுத்தா, பூரா வெள்ள முட்ட. நான் கேக்கல. அவளும் சொல்லல. அன்னிலேர்ந்து இன்னி வரிக்கும் அதப் பத்தி ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசினதில்ல. வெள்ள முட்ட வருது, அவிக்கறா, துன்றோம். ஓடக் காய வெக்கறா. காய வெக்கும்போது கூட யாரு கண்ணுலயாச்சும் படும்னு தோணல, பாரு. எங்க கண்ணுலயே படல.

வேண்டுதல் இல்லடா. ஒரு மண்ணும் இல்ல. யார்டுல பண்ண முட்டைய வாங்கி உங்க எதுருல துன்னா கேப்பீங்க. வேம்பக்கா வண்டில துன்னா... அது என் முட்ட. அதான் அம்மன இழுத்தேன்.

எல்லா முட்டைலயும் வராது. எப்பனா தான். ஆறு கருப்பா ஓடும் பாரு, அதுக்கு அப்பால கொஞ்ச நாளு. அரிசிக்குள்ள பொதச்சு வெச்சா வாசன தெரியாது. அதுவும் ஒரு ட்ரிக்கு தான். இது மட்டும் யாராண்டயும் சொன்னதில்ல. வாசன வராத முட்டைல ஒண்ணும் இருக்காதுன்னும் சொல்ல முடியாது. இருக்கும்னும் சொல்ல முடியாது. எனுக்கு இன்னா தெரியும்? எவனும் வந்து பாக்கல. நானும் எடுத்துகினு போயி எங்கியும் டெஸ்டுக்குக் குடுக்கல. குடுத்தா சொல்லிடுவான்ல.

கோழி ஆத்துல எறங்காது தான். ஆனா அந்தக் கரைய தான் கெளறுது. கெளறி கெளறித் துன்னுது.

ஏன் நிறுத்தலன்னு கேளு. கேளுடா, வாயத் தொறந்து கேட்டா தேவல. அடச்சு வெச்சா தீனிக்கு எங்க போவேன்? அது ஒரு சாக்கு. உண்மைய சொல்லவா? நிறுத்தினா ஏன் நிறுத்தினன்னு நாலு பேரு கேப்பாங்க. இத்தினி நாளு இன்னா குடுத்தன்னு கேப்பாங்க. அதுக்கு பயந்துகினே இன்னிக்கும் அடுக்கறேன், நாளைக்கும் அடுக்குவேன். ஆவடி கார்க்காரன் யாரு, எவன், மூஞ்சி ஞாபகம் இருக்காது. வேம்பக்கா ஆம்லெட் ஊத்த சொல்ல திரும்பி நின்னுகினு டீ குடிப்பேன். நீ டபுளு துன்றன்னு எனுக்குத் தெரியாதுன்னா நெனச்ச? தெரியும். எண்ணெல அது பொங்கற வாசனைய வெச்சே தெரியும்.

ஷாலு பேர சொன்ன பாரு நேத்து. ஷாலுக்கு முட்ட வேணும் அண்ணா, மாமியா சொல்லிச்சு, உன்னாண்ட தான் வாங்கணும்னு. தலைய ஆட்டிட்டேன். வேலைய முடிச்சுகினு வந்து முப்பது எடுத்து அடுக்கினேன், நல்லதா பாத்து, மோந்து மோந்து பாத்து. முப்பதாவத வெக்க சொல்ல கை வரல, ஆனாலும் வெச்சேன். அதான் நீ வந்ததுலேர்ந்து இத்தினி கத பேசிகினு கீறேன். நீயே சலிச்சுகினு வெறுங்கையா போயிடுவன்னு பாத்தேன். போவல நீ.

ஷாலு துன்னுச்சா? இதுக்கு முன்னாடியா? யாரு குடுத்தா? எங்க, வளகாப்புக்கா? வேம்பக்கா என் முட்டைய அவிச்சு எடுத்தாந்துச்சா ஒரு தட்டு...

ம்.

ஒண்ணும் ஆவாதுடா. எத்தினியோ பேரு துன்னுகீறாங்க. நானே எத்தினி வருசம் துன்னுகீறேன். ஆஸ்பத்திரில ஸ்கேனு எடுத்தீங்கல்ல? நல்லா கீதுன்னாங்கல்ல? அப்டினா நல்லா கீது. இனிமே வேணாம், அவ்ளோ தான். பண்ண முட்ட வாங்கிக் குடு. இல்லன்னா இந்தக் கோழிய எடுத்துகினு போ, உங்க மாடில வெச்சு...

அப்டி பாக்காத தீனா. நாலு அடி அடிச்சுடு வேணும்னா. அப்டி பாக்காத.

ஹாரன் சத்தம். வேம்பக்கா தான், முட்ட எடுக்க வந்துகீது. வண்டி சந்து முனைல நிக்கும். தோ வந்துட்டேன்க்கா!

இல்லடா, இப்ப எப்டிடா சொல்றது? அங்க ஷிப்டு வுட்டு வந்தவன்லாம் தட்டோட நின்னுகினு இருப்பான், அது அவசரத்துல வந்துகீது. சொல்றேன். நான் தான் சொல்லணும், நீ சொல்லாத. சாயங்காலம் நானே நேரா போயி சொல்றேன். நம்பு.

கொஞ்சம் தள்ளு. அந்த அட்ட.

வாக்கா, இன்னா இன்னிக்கு சீக்கிரமே? முப்பது தான்க்கா கீது இப்போதிக்கு. இல்ல இல்ல, தீனாவுக்குன்னு தான் வெச்சிருந்தேன். அவன் வூட்ல முட்ட ஒத்துக்கலயாம், வேணாம்ன்ட்டான். கோழி பாக்க வந்துகீறான், சும்மா. நீயே எடுத்துக்க. ரெண்டு கையால அடில புடி. ஆங், அப்டி.

சந்துல பள்ளமா கீது, பாத்துப் போக்கா. ஒடஞ்சிடப் போவுது.